நல்வரவுப் பலகை

சின்ன மாப்பிள்ளை வேனிலிருந்து மூன்று பலகைகளை இறக்கிவைத்தபோது பெரியவளுக்கு வாயெல்லாம் பல். பழைய கதவுப் பலகை, அதுவும் முழுசாக! அவள் பிழைப்பே அதுதான். இடிக்கிற வீடுகளில் பொறுக்கிய மரத்தில் அவள் வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை செய்வாள், அவள் கணவர் உலையில் இரும்பெழுத்து அடித்துக் கொடுப்பார். புது மரம் வந்தால்கூடச் சங்கிலியால் அடித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நூறு வயதாக்கிவிடுவாள். தங்கள் வயதை மறைக்கப் படாதபாடு படுகிற ஜனங்கள் பலகைக்கு மட்டும் வயது கேட்கிறார்கள். கூத்துதான்.

"உள்ரூம் கதவ மாத்திட்டோம்க்கா. பழச உங்ககிட்ட குடுத்தா வாசலுக்கு ஒரு போர்டு ஆகும்னு இவ ஒரே புடியா நின்னா. நல்லா இழைச்சிடுங்க, என்ன?" என்றான் அவன், பக்கத்தில் நின்ற தங்கை சின்னவளைக் காட்டி.

"இழைச்சா அப்புறம் நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான் மாப்பிள்ளை!"

அவனும் சேர்ந்து சிரித்தான். மறுநாள் சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி, சின்னவளை விட்டுவிட்டுப் போனான். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவள் அக்கா வீட்டில் தங்க வந்தது இதுதான் முதல் தடவை.

காந்தத்தை ஓட்டி ஆணி தேடும்போதே பெரியவள் அந்தக் கீறல்களைப் பார்த்துவிட்டாள். பழைய கீறல் என்றால் உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும். இவை வெள்ளை வெளேரென்று இருந்தன. சின்னவள்தான் ஆசைப்பட்டு, மரத்துக்கு வயதேற்றுகிறேன் என்று எதையோ வைத்துக் கிறுக்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, என் தொழிலுக்கே போட்டியா வர்றியா? பூனை பொறாண்டுன மாதிரி இருக்கு!"

சின்னவள் குனிந்து பலகையைத் தடவினாள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, பாத்திரம் தேய்த்ததில் என்றாள்.

துருப்பிடித்த இரும்பை வினிகரில் ஊறப்போட்ட தண்ணீரை எடுத்துப் பெரியவள் பலகை முழுக்கப் பூசினாள். ஒரு மணி நேரத்தில் வெள்ளைக் கீறல்களும் கறுத்து, மரத்தோடு பிறந்தவைபோல ஆகிவிட்டன. பார்க்கவே பெருமையாக இருந்தது.

மறுநாள் அகலம் போதாமல் ஒட்டுக்கு ஒரு புதுப் பலகை சேர்த்தாள். அதிலும் அதே கீறல் வேண்டுமே. சங்கிலி சரிவரவில்லை. குத்தூசி நேராகப் போனது, ஆணி ஆழமாக இறங்கியது. இருபது வருஷக் கைக்கு வராத கீறலா என்று எரிச்சலாக வந்தது. பழைய கீறல்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். நாலு விரலும் நாலு கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தன.

'நல்வரவு' எழுத்துகளைக் கொண்டுவந்த கணவர் பலகையைப் புரட்டிப் பார்த்தார். "இது என்ன கூத்து? தாழ்ப்பாள் தடம் வெளிப்பக்கம் மட்டுந்தான் இருக்கு. உள்ரூமுக்கு யாராச்சும் வெளிய தாழ் வைப்பாங்களா?" என்று முணுமுணுத்துவிட்டு உலைக்குத் திரும்பினார்.

கீறல் உள்பக்கத்தில் இருந்தது.

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து ஒரு பிளாஸ்திரியை உரித்தாள். நகம் பாதிதான் இருந்தது.

"எத்தனை நாளுடி?"

"ஒரு தடவ ரெண்டு நாளு. மத்ததெல்லாம் ராத்திரி மட்டுந்தான்."

"ஏன்டி பாவி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் கொண்டுவந்தேனேக்கா. பாத்தா உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

பார்த்தாள்தான். பார்த்துச் சிரித்தாள். அதற்குமேல் தன் கையாலேயே சாயமும் பூசினாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் இது கூடப்பிறந்தவள் தலையிலல்லவா சறுக்கி விழுந்திருக்கிறது! பெரியவளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வெளியே வேன் வந்து நின்றது. சாயங்காலம் என்றவன் மத்தியானமே வந்துவிட்டான். முன்கொட்டகையில் அவன் குரல் கலகலவென்று கேட்டது.

"சகலை, இப்ப இரும்புக் கதவா போட்டுட்டேன். அதுக்குத் தோதா ஒரு தாழ்ப்பாள் அடிச்சுக் குடுங்க. கடையில விக்கிறதெல்லாம் தகரம், நாலு தட்டுக்கே ஆடிப்போகுது."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் கணவர்.

"வெளிப்பக்கந்தான்."

சுத்தியல் சத்தம் நின்றுபோனது. அவனுடைய செருப்புச் சத்தம் பட்டறைப் பக்கம் வந்தது.

இவள் இனி அங்கே போகமாட்டாள். என்ன ஆனாலும் சரி, அனுப்பப்போவதில்லை. பெரியவள் ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தினாள். தன் கனம் முழுவதையும் போட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது டணாரென்று விழுந்தது.

"பயப்படாதடி, இனிமே ஒண்ணும்..." என்று திரும்பினாள்.

சின்னவள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து கதவில் விழுந்தாள். அக்காவின் முகமே அவள் கண்ணில் படவில்லை. பிளாஸ்திரி விரல்களால் மரத்தைப் பறண்டிக்கொண்டே அலறினாள்.

"தெறந்துடுங்க! இனிமே ஒழுங்கா இருக்கேன், தெறந்துடுங்க!"

வெளியிலிருந்து அவன் பொறுமையாகக் கதவைத் தட்டினான்.