மோட்டார் நின்ற அரைமணி நேரம்

புது விண்டோஸுக்கு உங்கள் கணினி தகுதி பெறவில்லை என்று திரையில் ஒரு வாரமாக அறிவிப்பு வந்தபடி இருந்தது. தகுதியில்லை என்ற பேச்சே ஜெயபாரதிக்கு ஆகாது. பூதலூரில் அவள் வீட்டுக்கு முதல் பட்டதாரி அவள். வேலை கேட்டுப் போன இடத்தில் ஒரு தரம், பெண் பார்க்க வந்தவர்கள் வாயால் ஒரு தரம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முதல் சம்பளத்தில் பழசாக வாங்கி, நல்ல கிராபிக்ஸ் கார்டு மாட்டி, கார் ரேஸ் ஓட்டுகிற கணினி அது. விண்டோஸைத் துடைத்துவிட்டு, பழைய கணினியிலும் ஓடும் இலவச லினக்ஸ் ஏற்றுவது என்று ஞாயிறு மதியம் உட்கார்ந்தாள்.

திருவாரூர் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த தம்பி பரணிதரன் சிரித்தான். லினக்ஸில் கேம் ஓடாது, கெடுப்பதற்குப் பதில் தன்னிடம் கொடுத்தால் படிப்புக்காவது ஆகும் என்றான். நாளைக்குக் கல்யாணமாகிப் போகிறவளுக்கு அது எதற்கு என்று அம்மாவும் ஒத்து ஊதினாள்.

ஜெயபாரதிக்குச் சுருக்கென்றது. "சாயங்கால ரயிலுக்குள்ள கேம் ஓடலன்னா நீயே தூக்கிட்டுப் போடா."

அவன் உடனே ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தான்.

லினக்ஸ் முக்கால்வாசி ஏறியபோது விளக்கு மங்கியது. கணினி அணைந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம். வயலில் அப்பா கோவிந்தராசு மோட்டாரைப் போட்டிருக்கிறார். அது ஓடும்வரை வீட்டில் கரண்ட் இப்படித்தான் ஏறி இறங்கும். விண்டோஸும் போயிற்று, லினக்ஸும் வரவில்லை. பரணி பெட்டிக்குள் பழைய போர்வையை விரித்தான்.

ஜெயபாரதி செருப்புகூடப் போடாமல் வரப்பில் நடந்தாள். அரைமணி நேரம் மோட்டாரை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் கேட்டாள்.

"வாய்க்கால் தண்ணி எட்டல. நடவு ஆளுங்க நிக்கிறாங்க. விளையாட்டுக்காம்மா நிறுத்தச் சொல்ற?"

"போன மாசம் தம்பி கிரிக்கெட் பாக்க நிறுத்துனீங்களேப்பா. அது மட்டும் என்ன, வேலையா?"

கோவிந்தராசு குழாயில் கொட்டும் தண்ணீரையே பார்த்தார். சேற்றில் நின்ற அம்சவல்லி, நடவுப் பெண்களுக்குத் தலைமை, நாற்றுக்கட்டைக் கீழே போட்டாள்.

"புள்ள கேக்கறது நியாயந்தாண்ணே. நிறுத்துங்க, நாங்களும் டீ குடிச்சுக்கிறோம்."

மோட்டார் நின்றது. ஜெயபாரதி ஓடினாள்.

இருபது நிமிடத்தில் லினக்ஸ் ஏறியது. கேம் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. முதல் முறை திரை கறுப்பாகவே நின்றது. பரணி போர்வையைச் சரிசெய்தான். ஒரு செட்டிங்கை மாற்றி மறுபடி தட்டினாள். சிவப்புக் கார் உறுமிக்கொண்டு கோட்டில் வந்து நின்றது. ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாள். இரண்டாவது சுற்றுக்குத் தம்பியையே உட்காரச் சொன்னாள். அவன் மூன்றாம் திருப்பத்திலேயே சுவரில் முட்டினான்.

பெட்டி வீணாகவில்லை. அம்மா அதில் முறுக்கும் ஊறுகாயும் வைத்துக் கட்டினாள். பரணி அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன சற்று நேரத்தில் வயலில் மோட்டார் மறுபடி ஓட, விளக்கு மங்கி, கணினி அணைந்தது. அவள் கவலைப்படவில்லை. இனி போட்டால் வரும்.

இருட்டும் வேளையில் கோவிந்தராசு சேற்றுக் காலோடு வாசலில் நின்று, "நாளைக்கு எப்ப ஓட்டுவ?" என்றார். "அதப் பாத்து மோட்டாரப் போடுறேன்."

இதை நீங்கள் போன மாதமே என்னிடம் கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஆறுலேருந்து எட்டு" என்றாள்.