பதினேழாம் இலக்கத்தின் தண்ணீர்

எருக்கலம்பிட்டி புளியடி ஒழுங்கையின் பதினேழாம் இலக்க வீடு 1990ஆம் ஆண்டிலிருந்து ஆளில்லாமலும் 2004ஆம் ஆண்டிலிருந்து சுவரில்லாமலும் இருந்தது. ஆனாலும் 2025 தை மாதத்தில் அது இருபத்திரண்டு அலகு தண்ணீர் பாவித்தது. ஒரு அலகு என்பது ஆயிரம் லீற்றர். ஏழு பேர் உள்ள ஒரு குடும்பம் குளித்து, துவைத்து, சமைத்து, ஐந்து நேரத் தொழுகைக்கும் கைகால் கழுவி வுளூ எடுத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகும். அந்த ஒழுங்கையில் தண்ணீர் பாவித்த, வீடில்லாத வெறும் வளவுகள் மொத்தம் பன்னிரண்டு. மற்றப் பதினொன்றும் பதினேழாம் இலக்கத்துக்குக் கிட்டவும் வரவில்லை.

இந்த வளவுகளுக்குக் குழாய் போனது யாருடைய களவும் அல்ல. மன்னார் நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் திருத்துவதற்கென ஒரு பெரிய திட்டம் வந்தது. வீதி, வடிகால், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். 2022இல் நாட்டிலேயே பணம் இல்லாமல் போனபோது கோப்பு அலுமாரிக்குள் போய்விட்டது. அடுத்த வருடம் வெளிநாட்டு நிதியம் ஒன்று அதைத் தூசு தட்டி எடுத்து, ஒரேயொரு நிபந்தனை போட்டது: நாற்பது வீடுகளுக்குக் குறைந்த ஒழுங்கைக்கு ஒரு சதமும் இல்லை. புளியடி ஒழுங்கையில் நிமிர்ந்து நின்ற வீடுகள் இருபத்தொன்பது. வீடு எண்ண வந்தவன் பிரணவன் என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தன். நானாட்டானில் வயற்காரர் வீட்டுப் பிள்ளை. அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிவாசல் மண்டபத்தில் காற்றாடிக்குக் கீழே கதிரை போட்டு, இஞ்சிப் பிளேன்டீயும் கொடுத்தால் எந்த உத்தியோகத்தன் எழுந்து நடப்பான்? ஒழுங்கையின் வீட்டுப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டான். ஓம் என்று சொல்லி, பள்ளிவாசல் விருந்துக்கு வீடுவீடாகப் பங்கு பிரிக்கும் கந்தூரிப் பட்டியலை நீட்டினார்கள்.

கந்தூரிப் பட்டியலில்தான் கதை இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரே ஒரு சொப்பிங் பையோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனது. பின்னாளில் சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. வராதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்ட எவருக்கும் கை வரவில்லை. கந்தூரி சமைத்தால் அவர்களின் வீட்டுப் பங்கையும் அளந்து பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள், கல்யாணம் என்றால் அவர்களின் அழைப்பிதழையும் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீடு பொறுப்பு என்பது அங்கே எழுதாத சட்டம். புத்தளத்தில் அந்த வீட்டாருக்கு எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் மௌத்தானார்கள் என்று விசாரித்து ஆள் தொகையையும் வருடாவருடம் திருத்தி வைப்பார்கள். ஆகவே பிரணவன் கேட்டபோது நாற்பத்தொரு வீடு என்றார்கள், ஒவ்வொரு வீட்டிலும் இத்தனை பேர் என்றார்கள். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறியிருந்தது, குடிதண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. ஆகவே அவன் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல எவரும் அவசரப்படவில்லை.

2024 முடிவதற்குள் குழாய் புதைத்து நாற்பத்தொரு மீற்றரும் பூட்டியாயிற்று. பூட்ட வந்தவர்கள் கூலிக்காரர்கள். இலக்கம் இருந்தது, அதனால் பற்றை வளர்ந்த வளவுகளிலும் ஒரு முழம் குழாயை நட்டு, நுனிக்கு மூடி போட்டு, மீற்றரை வைத்துவிட்டுப் போனார்கள். தை மாதம் வாசிப்பு எடுக்க வந்த பிரணவன் அப்போதுதான் முதன்முதலாக அந்த ஒழுங்கையை நடந்து பார்த்தான். வீடே இல்லாத இடத்தில் மீற்றர் முள் சுழன்றுகொண்டிருந்தது. கசிவு என்று நினைத்து ஆட்களைக் கூட்டிவந்து தோண்டினான். மண் பொடிப்பொடியாக உலர்ந்திருந்தது. மூடியைக் கழற்றினால் ஒரு சொட்டும் வரவில்லை. சவர்க்கார வாசத்தோடு குளிர்ந்த காற்று மட்டும் வந்தது, முள் சுழல்வதும் நிற்கவில்லை. தோண்டியவர்கள் கூலியைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள்.

ஊர்க் கழுதைகள் முன்பு அந்த வளவுகளில்தான் நிழலுக்குப் படுத்துக் கிடக்கும். தண்ணீர் வந்த பிறகு அவை அங்கே படுக்கவில்லை. பழைய சுவர் இருந்த கோடுவரை வந்து நின்று, மூக்கை எதிலோ முட்டியதுபோலப் பின்வாங்கி, மூலையைச் சுற்றிக்கொண்டு போயின. பங்குனியில் நோன்பு தொடங்கியதும் பன்னிரண்டு முட்களும் பகலில் அசையவில்லை, நோன்பு திறக்கும் நேரத்தில் ஒன்றாக ஓடத் தொடங்கின. பெருநாள் கழிந்த ஒரு காலையில் ஒன்பதாம் இலக்கத்து முள் மட்டும் ஒரு மணித்தியாலம் வெறிபிடித்ததுபோல் சுற்றிவிட்டு அடங்கியது. மதியம் புத்தளத்திலிருந்து செய்தி வந்தது: அந்த வீட்டுக் கிழவர் மௌத்து, காலையில் குளிப்பாட்டினார்களாம். அதற்குப் பிறகு ஒழுங்கையில் யாரும் கசிவு என்ற பேச்சை எடுக்கவில்லை.

பதினேழாம் இலக்கத்துக்குப் பொறுப்பு அடுத்த வளவிலிருந்த உம்மு குல்சூம். வயது அறுபத்து மூன்று. புருஷன் புத்தளத்தில் மௌத்தானவர், மகள்மார் கட்டிக்கொண்டு கொழும்பில். பதினேழு அவளுடைய மூத்த சகோதரர் சாஹுல் ஹமீட் நானாவின் வீடு. அவள் சமாதான காலத்தில், 2004இல், முதல் ஆளாக ஊர் திரும்பியபோது கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. தன் வீட்டுக்குக் குசினி கட்டக் காசில்லாமல் அந்தச் சுவர்களை உடைத்துக் கல்லை எடுத்தாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், சொல்லவில்லை. 2012இல் நானா புத்தளத்திலிருந்து வளவைப் பார்க்க வந்தார். வெறும் நிலத்தைப் பார்த்தார், அவளுடைய குசினியைப் பார்த்தார். “கதவையும் கழட்டினியா?” என்று மட்டும் கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறியவர், பிறகு பதின்மூன்று வருடம் அவளோடு பேசவில்லை.

அவளும் வீம்புக்காரிதான். ஆனால் மீற்றர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஆளே மாறினாள். விடிய எழுந்ததும் வேலியோரம் போய் முள்ளைப் பார்ப்பாள். மெதுவாக ஓடினால் நானா வுளூ எடுக்கிறார். வேகமாக ஓடினால் மதினி உடுப்புத் துவைக்கிறாள். பின்னேரம் ஒருதரம் நின்று நின்று ஓடினால் பேரப்பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுகிறார்கள். பதின்மூன்று வருடம் ஒரு சலாமும் இல்லாத வீட்டின் நடமாட்டம் கையெட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மூன்று நான்கு மாதமும் அவள் சந்தோசமாக இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

வைகாசியில் பரமநாதன் என்ற கணக்காய்வாளர் வந்தார். நிதியத்தின் ஆள், நேர்மையானவர், அதனாலேயே அவரைக் கண்டால் எல்லாருக்கும் எரிச்சல். பன்னிரண்டு வெறும் வளவுகளையும் நடந்து பார்த்தார், சுழலும் முட்களையும் பார்த்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பன்னிரண்டையும் வெட்டினால் ஒழுங்கை நாற்பதுக்குக் கீழே போய்விடும், வடிகாலுக்கும் வீதிக்கும் ஒதுக்கிய பணம் திரும்பிவிடும், போட்ட குழாயும் வீண். ஒன்றையும் வெட்டாவிட்டால் தாம் வந்ததற்கு அர்த்தமில்லை. ஒரு பிழையாவது காட்டாமல் எந்தக் கணக்காய்வு முடிந்திருக்கிறது? நாற்பத்தொன்றில் ஒன்று போனால் நாற்பது மிஞ்சும். அதிகம் குடித்தது எதுவோ அதையே வெட்டச் சொன்னார். உம்மு குல்சூம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பதினேழாம் இலக்கத்து வால்வைப் பூட்டி ஈய முத்திரை போட்டார்கள். முள் நின்றது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவளுடைய போன் அடித்தது. நானாவின் மகள் ஸஹ்றா. சிறுபிள்ளையில் கேட்ட குரல் அல்ல, ஆனாலும் அவளுக்கு விளங்கியது.

“மாமி, வாப்பா கதைக்க வேண்டாமெண்டு சொன்னவர். நான் ஒளிச்சுத்தான் எடுக்கிறன். வீட்டில எல்லாருக்கும் நாலஞ்சு நாளாத் தாகம் மாமி. எவ்வளவு குடிச்சாலும் தொண்டை நனையுதில்லை. நாங்க தாங்கிறம், வாப்பாவால ஏலாது. ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்துறாங்க, அதுவும் நிக்குதில்லையாம். நாக்கு வெடிச்சுப் போச்சு.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“ஒரு வருத்தமும் இல்லையாம் மாமி. வாப்பா புலம்புறார். ஆரோ பைப்பைப் பூட்டிப் போட்டாங்க, திறக்கச் சொல்லுங்கோ எண்டு.”

அன்று பின்னேரமே அவள் மன்னாருக்குப் பஸ் ஏறி, திட்டக் கந்தோரில் பிரணவனின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவன் கதிரையைக் காட்டினான், அவள் இருக்கவில்லை. சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. அந்த மூடியைக் கழற்றியவன் அவன்தானே. ஆனால் வெட்டிய இணைப்பைத் திரும்பக் கொடுப்பதென்றால் புது விண்ணப்பம். கொழும்புக்குப் போய் வர மூன்று மாதம் செல்லும்.

“மூண்டு மாசத்தில என்ட நானா இருக்க மாட்டார், தம்பி.”

பிரணவன் நெடுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான். “ஒரு வழி இருக்கு அம்மா. ஒரே குடும்பத்துக்குள்ள ஒரு இணைப்பை ஒரு வளவில இருந்து மற்ற வளவுக்கு மாத்தலாம். அதுக்கு என்ர கையெழுத்தே காணும், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. தொகையும் நாற்பதாகவே இருக்கும். ஆனா உங்கட வீட்டு இணைப்பைத்தான் குடுக்க வேணும். பிறகு உங்களுக்கு இல்லை.”

“எங்க கையெழுத்து வைக்கிறது?”

“நீங்கள் குடிக்கிறதுக்கு என்ன செய்வியள்?”

“பக்கத்தில வாங்கிக் குடிப்பன். அவர்ட கல்லில சமைச்சு இருபத்தொரு வருசம் சாப்பிட்டனான் தம்பி. இது வெறும் தண்ணிதானே.”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். கந்தோரில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பிரணவன் தானே வந்து அவளுடைய வீட்டு மீற்றரைக் கழற்றிப் பதினேழாம் இலக்கத்தில் பொருத்தினான். வால்வைத் திறந்ததும் முள் அதிர்ந்தது, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. அரை மணித்தியாலம் அப்படியே சுழன்றது. இருவரும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் தணிந்து, வழக்கமான ஓட்டத்துக்கு வந்தபோது அவளுடைய போன் அடித்தது. ஸஹ்றாவின் இலக்கம்தான், பேசியது அவள் அல்ல.

“குல்சூம், தண்ணி குடிச்சன்” என்றார் சாஹுல் ஹமீட்.

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அவர், “அந்தக் கல் எங்கட வாப்பா அறுத்த கல். குசினி ஒழுகுதில்லையே?” என்று கேட்டார்.

“இல்லை நானா” என்றாள்.

வடிகாலும் வீதியும் அந்த வருடமே முடிந்தன. ஒழுங்கை இப்போது கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது, பன்னிரண்டு வெறும் வளவுகளுக்கு முன்னாலும் விளக்கு எரிகிறது. பரமநாதனின் அறிக்கையில் புளியடி ஒழுங்கை நாற்பது இணைப்புகளோடு ஒழுங்காக இருக்கிறது. அண்ணனும் தங்கச்சியும் வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசுகிறார்கள்.

பக்கத்தில் வாங்கிக் குடிப்பதாகச் சொன்ன உம்மு குல்சூம் மட்டும் எவரிடமும் குடிக்கத் தண்ணீர் வாங்கவில்லை. மீற்றர் மாறிய நாளிலிருந்து அவளுக்குத் தாகம் எடுக்கவில்லை. ஒரு கிழமை பார்த்தாள், ஒரு மாதம் பார்த்தாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், ஈரமாகத்தான் இருந்தது. உப்புக் கிணற்றில் அள்ளிச் சமைக்கிறாள், கூட்டுகிறாள், சந்தைக்குப் போய் வருகிறாள், மூச்சு வாங்கவில்லை. பக்கத்து வீட்டு முஸ்பிரா, ஒளித்துக் குடிக்கிறாளோ என்று இரண்டு மாதம் வேலிக்கு மேலால் கண் வைத்திருந்துவிட்டுக் களைத்துப்போனாள். பதினேழாம் இலக்கத்தில் ஓடுவது அவளுக்கும் சேர்த்துத்தான் என்று ஒழுங்கை முடிவுகட்டியது. போன மாதம் ஒழுங்கையில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்கள், உம்மு குல்சூமுக்கு முன்னால் ஒன்றும் வைக்காமல் அடுத்த ஆளுக்குப் போனார்கள். அவள் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.