கதவுக்கு வெளியே நூறு மடங்கு

அந்த மருத்துவமனையில் மயக்க மருந்து ஏறித் தூங்கிய நொடியிலேயே குழந்தைகளின் எடை குறைந்தது. இரண்டு வயதுக்கு நூற்றிருபது கிராம், ஆறு வயதுக்கு முந்நூற்று நாற்பது, பத்தைத் தாண்டியவர்களுக்கு முக்கால் கிலோ வரை. பல் பிடுங்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குறைந்தது. இதைக் கண்டுபிடித்தவள் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டர். அவளுக்கு முன் யாரும் கவனிக்காததற்குக் காரணம் எளிது. வார்டில் ஒருமுறை எடை பார்த்து அதற்கேற்ற மருந்தைக் கணக்கிட்டுவிட்டால், பிறகு யாரும் குழந்தையை நிறுத்துப் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள். அறுவை மேசையின் நான்கு கால்களுக்கு அடியிலும் நான்கு தராசுகளை வைத்தாள். அன்று மதியத்துக்குள் அவளுக்குத் தராசு டாக்டர் என்று பெயர் விழுந்தது.

பதினொரு மாதத்தில் நானூற்று ஆறு குழந்தைகள். மூச்சில் போகும் ஈரம், போர்வை, கையில் ஒட்டிய பிளாஸ்திரி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாள். அப்படியும் குறைந்தது. சிரித்துக்கொண்டே வந்த குழந்தைகளுக்குக் கொஞ்சம், கதவைப் பிடித்துக்கொண்டு அலறியவர்களுக்கு நிறைய. பயத்துக்கு எடை உண்டு என்று அவளுக்குப் பிடிபட்டபோது கையில் காகிதம் இல்லாததால் முகக்கவசத்தைக் கழற்றி அதன் மேல் எழுதினாள். துறைத்தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "தராசு மேல ஏசிக் காத்து அடிக்குதான்னு பாரும்மா" என்றார். வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் முழுவதையும் கேட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தான். "சரி, குறைஞ்சது எங்க போச்சு?"

ஒன்பது நாள் அந்தக் கேள்வி அவளைப் பிடித்து ஆட்டியது. பத்தாம் நாள் மருத்துவமனைத் தச்சர் மாடியிலிருந்த அவள் அறைக்கே பதிலைக் கொண்டுவந்தார், புகாராக.

"டாக்டரம்மா, எலும்பு ஆபரேஷன் வாசல்ல அதே பெஞ்சு பத்து வருஷமா நிக்குது. உங்க வாசல்ல மாசத்துக்கு மூணு ஒடியுது. உள்ள என்னதான் பண்றீங்க?"

அவள் அவரைக் கட்டிக்கொள்ளாததுதான் பாக்கி. இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடி, பெஞ்சுக்கு அடியிலும் தராசு வைத்தாள். உள்ளே குழந்தை இறக்கி வைத்த முந்நூற்று நாற்பது கிராம், வெளியே அம்மாவிடம் முப்பத்து நான்கு கிலோவாக ஏறியது. நடுவில் இருந்தது ஒரு கதவு மட்டும். அப்பாவிடம் தொண்ணூற்றைந்து மடங்கு, சித்தப்பாவிடம் நாற்பது, பக்கத்து வீட்டுக்காரரிடம் பதினொன்று, முன்பின் தெரியாதவரிடம் பூஜ்யம். குழந்தை கண் விழித்ததும் எல்லாம் இறங்கிவிடும். அம்மாக்களிடம் மட்டும் இரண்டு கிலோ தங்கிவிட்டது. அதை அவர்கள் இத்தனை காலமும் பிரசவத்தின் தலையில் போட்டிருந்தார்கள்.

ஆய்வை நிறுத்தும்படி துறைத்தலைவர் எழுதினார். தராசுகளை எடுக்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினார். மூன்றாம் முறை தச்சரைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். அப்போது உள்ளே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி படுத்திருந்தாள். குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்தவள். குடல்வால் வீங்கி வெடிக்கக் காத்திருந்தது. கூட்டி வந்த பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஓடியிருந்தார்.

எடைக்கேற்ற மருந்து ஊசி வழியே ஏறியது. சிறுமி விழித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பங்கு ஏறியது.

"ஆன்டி, தூக்கமே வரல" என்றாள்.

தராசு பதினாறு கிலோ நானூறு என்றது. ஒரு கிராம்கூட அசையவில்லை. மூன்றாவது ஊசியை அந்தச் சின்ன இதயம் தாங்காது. ஊசி இல்லாமல் கத்தி வைக்க முடியாது. கையுறை மாட்டிய சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டருக்குச் சட்டென்று புரிந்தது. இந்தப் பயத்தை வாங்கிக்கொள்ள வெளியே ஆள் இல்லை. முடிந்தால் அவளே போய் உட்கார்ந்திருப்பாள். ஆனால் மயக்கம் கொடுப்பவர் குழந்தையின் தலைமாட்டை விட்டு நகரக் கூடாது.

"வெளிய யாராவது இவளுக்காக உட்காருங்க!" என்று கத்தினாள்.

துறைத்தலைவர் உட்கார்ந்தார், அவள் சொல்வது பொய் என்று காட்டுவதற்காக. கைகளைக் கட்டிக்கொண்டார். உள்ளே பதினாறு நானூறு அப்படியே நின்றது.

"உட்கார்ந்தா மட்டும் போதாது சார், காத்திருக்கணும்" என்றார் தச்சர்.

"காத்துக்கிட்டுத்தானேய்யா இருக்கேன்?"

"பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கீங்க."

அவர் எரிச்சலோடு எழுந்து கதவைக் கொஞ்சம் திறந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், "பாப்பா, உனக்கு ஏதாவது வேணுமா?" என்றார்.

சிறுமி யோசித்தாள். "என் செருப்பு வெளிய இருக்கு தாத்தா. புதுசு. யாராச்சும் போட்டுட்டுப் போயிடுவாங்க. பாத்துக்கறீங்களா?"

செருப்பு ஊதா நிறம். பட்டையில் பிளாஸ்டிக் தவளை ஒன்று ஒட்டியிருந்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது எது, வலது எது என்று பார்த்து மாற்றி வைத்தார். பிறகு தச்சரிடம் கேட்டார்.

"இவ எழுந்துக்கலேன்னா இதை நான் யாருகிட்டய்யா குடுக்கறது?"

தச்சர் பதில் சொல்வதற்குள் பெஞ்சு முனகியது. உள்ளே டாக்டர் ஏலம் விடுபவளைப் போலக் கூவத் தொடங்கினாள். பதினாறு முந்நூறு! பதினாறு இருநூறு! பதினாறு நூறு! பதினாறு அறுபதில் சிறுமியின் இமைகள் மூடின. சர்ஜன் கையை நீட்டினார். வெளியே பெஞ்சின் இரண்டு கால்கள் ஒரே நேரத்தில் ஒடிந்தன. துறைத்தலைவர் செருப்பை மார்போடு பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். தச்சர் எவ்வளவு இழுத்தும் அவரைத் தூக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் அங்கேயே இருந்தார். சிறுமி கண் விழித்ததும் தானே எழுந்து போய்ச் செருப்பைக் கொடுத்தார். அவள் தவளை இருக்கிறதா என்று பார்த்தாள்.

அவரிடம் ஏறியது நூற்றுப் பத்து மடங்கு. எந்த அம்மாவிடமும் அவ்வளவு ஏறியதில்லை. டாக்டரின் அட்டவணையில் முன்பின் தெரியாதவருக்கு நேரே இருந்த பூஜ்யத்தை அவரே தன் பேனாவால் அடித்தார். கட்டுரை மறு வருடம் வந்தது. பிற நாடுகளிலிருந்தும் தங்கள் பெஞ்சுகளைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள்.

இப்போது சம்மதப் படிவத்தில் வெளியே காத்திருப்பவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் இல்லாத குழந்தைக்கு ஊரிலிருந்து ஆள் வருகிறார். அவர் கையில் குழந்தையின் பொருள் ஏதாவது ஒன்றைக் கொடுக்கிறார்கள். பெஞ்சுகள் இரும்பு. செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற துறைத்தலைவர் வருகிறார், வியாழக்கிழமை தச்சர். மற்ற நாட்களுக்குப் பெயர் கொடுத்தவர்கள் நிறையப் பேர். கடைசியாக விசாரித்தபோது, புதிதாகப் பெயர் கொடுப்பவருக்கு முறை வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள்.