நிற்காத ஏசி

ஆப்கன் எல்லையோரத் தெர்மெஸ் ஊரில் கார் ஏசிக்கு நோர்கோபிலை விட்டால் ஆள் கிடையாது. அதை அவனே ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லிக்கொள்வான். அந்த வாய்தான் கடைசியில் வினையாயிற்று.

எஷ்முரோத் வேனோடு வந்து நின்ற அன்று வெயில் நாற்பத்தாறு டிகிரி. அவனுடைய பெண் குழந்தைக்கு இருபத்தாறு நாள், இதயத்தில் ஓட்டை. விடிந்ததும் தாஷ்கந்த் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வேனின் ஏசியோ ஐந்து நிமிடம் ஓடும், அரை மணி நேரம் படுத்துக்கொள்ளும்.

டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தான் நோர்கோபில். காற்றைக் குளிர்விக்கும் காயிலில் செருகியிருந்த அரிசி மணி அளவு சென்சார் செத்திருந்தது. காயில் உறையப் போகிறது என்றால் தெர்மோஸ்டாட்டுக்குத் தகவல் சொல்லி ஏசியை நிறுத்த வைப்பது அதுதான். அது செத்ததால் ஏசி காரணமில்லாமலே நின்றுகொண்டிருந்தது.

"புதுசு வர நாலு நாள் ஆகும்."

"ஐயோ, பிள்ளை தாங்காது உஸ்தா!" தொழில் தெரிந்தவனை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"அட, நான் எதுக்கு இருக்கேன்?"

சென்சாரை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். இனிமேல் காயில் பனிக்கட்டியே ஆனாலும் தெர்மோஸ்டாட் அதைச் சூடு என்றே நம்பும். ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அரை மணிக்கு ஒரு தடவை ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கட்டியைக் கரைக்க வேண்டும்.

"இனி நிக்கவே நிக்காது. சைபீரியா மாதிரி இருக்கும், போ!" என்றான்.

அதற்குள் பக்கத்துக் கடைக்காரன் புலாவ் ஆறுகிறது என்று கத்தினான். நோர்கோபில் எழுந்து போய்விட்டான். வேன் போன பிறகு, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் நிபந்தனையைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. சாயந்தரம் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டான். பிறகு மறந்தே போனான், படுபாவி.

ஐந்தாம் நாள் அதே வேன் வந்தது.

"பொண்ணு போயிட்டா உஸ்தா. வழியில தெர்பெந்த் ஊரைக்கூடத் தாண்டலை." எஷ்முரோத் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினான். "ஆப்கன் காத்து மண்ணை வாரி அடிச்சுது, ஊர்ந்து போறதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு. ஜன்னலைத் திறக்க முடியலை. நாப்பது நாள் ஆகாத பிள்ளைமேல காத்து அடிக்கக் கூடாதுன்னு என் பொண்டாட்டி ஓய்சுலுவ், காத்து வர்ற ஓட்டையில எல்லாம் தலைத்துணியைக் கட்டிட்டா. முதல்ல ஜில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் காத்தே வரலை. துணியை அவுத்தும் வரலை. வேனே அடுப்பாயிடுச்சு. நீங்க சொன்ன மாதிரி ஏசி ஒரு நிமிஷம்கூட நிக்கலை, ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. உங்க வேலையில குறை இல்லை. எல்லாம் அவ துணி கட்டி அடைச்சதுல உள்ளே ஏதோ கெட்டுப் போனதாலதான். எங்கம்மா அவளைக் கரிச்சுக் கொட்டுறாங்க. நானும் கை நீட்டிட்டேன். சோறு தண்ணி இல்லாமக் கிடக்கா."

புது சென்சார் நோர்கோபிலின் உள்ளங்கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு அதைப் பொருத்தி அனுப்பினால் முடிந்தது கதை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை வேனின் பானட் மேல் வைத்தான்.

"துணியால இல்ல எஷ்முரோத். காயில் கட்டியாப் போச்சு, அதான் காத்து வரலை. அரை மணிக்கு ஒரு தடவை ஏசியை அணைச்சிருக்கணும். நான் உன்கிட்ட சொல்லலை. சொல்ல மறந்துட்டேன்."

எஷ்முரோத் ஸ்டியரிங்கை விட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் அணைக்கணும்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்," என்றான் எஷ்முரோத். பக்கத்துக் கதவை உள்ளிருந்தே தள்ளித் திறந்தான். "ஏறுடா. வந்து அவகிட்ட சொல்லு."

நோர்கோபில் ஏறினான். வீடு போய்ச் சேரும்வரை இருவரும் ஏசியைத் தொடவில்லை.