ஐந்தாம் பக்கம்

"ஆணியப் பிடுங்குங்க."

மேரிராணி சொன்னதும் ஒப்பாரி நின்றது. ஆணி அடித்த சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லவே கூடாது, சொன்னால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று கேட்டே வளர்ந்தவள் அவள். அம்மாவின் பெட்டியில் மூன்று ஆணி இறங்கியிருந்தது. தச்சன் திம்மப்பன் நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"பேடம்மா... வேணாம்."

"மெட்ராஸ்ல போயி பி.ஏ. படிச்சா பயம் விட்டுப்போயிடுமாடி?" என்றாள் அத்தை.

"அம்மா செஞ்ச புத்தகம் உள்ள எதுக்கத்தே?"

"அவ கைவேல, அவகூடவே போவட்டும்னு தலமாட்டுல வெச்சோம்."

"கன்னியர் மடத்துக்குன்னு அம்மா எத்தன கிறிஸ்துமஸ் அட்டை செஞ்சாங்க! அதுல ஒண்ண வெக்கிறதுதானே. இதத்தான் வெக்கணும்னு யாரு சொன்னா?"

அண்ணன் யேசுராஜ் தரையைப் பார்த்தான். அப்பா சூசை நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

மடத்து அட்டைகளில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி, எழுத்தறியாத அம்மா செய்த புத்தகம் அது. விரித்தால் வீடு எழுந்து நிற்கும். அடுத்ததில் மாதா கோயில், அப்புறம் தளி ஊர்ச் சந்தை. ஐந்தாம் பக்கத்தில் அடுப்படி. அதில் ஒரு பெண், ஓர் ஆண். ஓரத்துக் காகித நாக்கை இழுத்தால் அவன் கை உயரும். உள்ளே தள்ளினால் அவள்மேல் இறங்கும்.

போன லீவில் மேரிராணி ஒருமுறை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"போதும் பாப்பா. பசை இன்னும் காயல," என்று அம்மா மூடிவிட்டாள்.

"ஊரே பாக்குது ராணி," என்றான் யேசுராஜ், குரலைத் தாழ்த்தி. "செத்தவங்களோட போவட்டும் விடு."

"எது போவட்டும்?"

அவள் திம்மப்பனின் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, அதன் பிளவால் நெம்பினாள். மூன்று ஆணியும் ஒவ்வொன்றாய்க் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன. யாரும் தடுக்கவில்லை, பெட்டியைத் தொடவும் பயம்.

மூடியை நகர்த்தி, அம்மாவின் தலையைத் தூக்கிப் புத்தகத்தை உருவினாள். தலை தாழ்ந்தது. தன் தோளில் கிடந்த துண்டை மடித்து அடியில் வைத்தாள்.

"அத எடுத்துக்கிட்டு வாசலத் தாண்டினா, திரும்பி இங்க கால் வெக்காத," என்றார் சூசை.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திம்மப்பனிடம் சுத்தியலைக் கொடுத்தாள்.

"இப்ப அடிங்கண்ணே."

நாலு ஆணியும் இறங்கும்வரை நின்றாள். பிறகு புத்தகத்தோடு உள்ளே போய் வந்தாள். கோயில் மணி அடித்தது. நாலு பேர் தூக்கினார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போன கூட்டத்தில் கையில் ட்ரங்குப் பெட்டியோடு நடந்தவள் அவள் ஒருத்திதான்.