கீழே விழாத இன்ஜின்

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சளி கட்டிய நெஞ்சு மூச்சுக்கு இழுப்பதுபோல ஒரே சீரான சத்தம். பற்றவில்லை. பானெட்டுக்குள் குனிந்திருந்த இலாரியோன் கையைத் தூக்கினான். காருக்குள் இருந்த ரெமிகியோ சாவியை விட்டான்.

"போதும். பேட்டரி செத்துரும்."

"இந்த ஷெட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லாதீங்க மாஸ்டர்."

ரெமிகியோ சிரிக்கவில்லை. டாக்சி அவனுடையது. ஒரு மாதத்துக்கு மேலாக ஓடாமல் கிடக்கிறது. ஓருரோ நகரத்தின் காலைக் குளிரில் தகரக் கூரை விறைத்திருந்தது. ஸ்பானரை எடுத்தால் விரலில் ஒட்டிக்கொண்டது. இலாரியோன் கன்னத்தில் அடக்கியிருந்த கோக்கா இலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் குனிந்தான்.

இன்ஜின் முழுக்க ரோஜா நிறப் புள்ளிகள். செவேரோ ஒரு போல்ட்டை முறுக்கி முடித்தால் அதன் தலையில் நகப்பூச்சில் ஒரு புள்ளி வைப்பான். நகப்பூச்சு அவன் மனைவி நாசாரியாவுடையது. புள்ளி இருந்தால் அந்த போல்ட்டை யாரும் தொட வேண்டியதில்லை. இப்போது ஒவ்வொரு புள்ளியும் இலாரியோனைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

செவேரோ போன மாதம் முதல் வெள்ளிக்கிழமை இந்த ஷெட்டில், இந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் செத்துப்போனான். சிலிண்டரைப் போர் போட்டு, புது ரிங் மாட்டி, எல்லாவற்றையும் பூட்டி முடித்திருந்தான். செயினில் தூக்கிக் காரில் வைப்பதுதான் பாக்கி. அதை இலாரியோன் நேற்றுதான் செய்தான். அன்று பூசைக்குக் கரியும் சாம்பிராணியும் வாங்க இலாரியோனை முதலாளி பௌஸ்தினோ சந்தைக்கு அனுப்பியிருந்தார். அவன் திரும்பி வந்தபோது இன்ஜின் பழைய டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தது. செவேரோ பக்கத்தில் கிடந்தான். நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது. போதையில் பலகை மேல் ஏறி, தடுமாறி இன்ஜின் மேல் விழுந்துவிட்டான் என்றார் முதலாளி. இன்ஜினை அதுவரை தூக்கவே இல்லை என்றார்.

ரத்தத்தில் சாராயம் இருந்ததாக ஆஸ்பத்திரிக் காகிதமும் சொன்னது. யார் ஊற்றிக் கொடுத்தது என்று எழுத அதில் இடம் கிடையாது. முதல் வெள்ளியன்று முதலாளி பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றிவிட்டு, அதே கையால் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை நீட்டுவார். ஓருரோவில் அந்தக் கோப்பையை வேண்டாம் என்று சொன்னவன் கிடையாது.

மறுநாள் போலீஸ் வந்தபோது உத்தரத்தில் புதுச் செயின் தொங்கியது. அதற்கு நேர் கீழே சிமென்ட் தரையில் ஒரு தட்டு அளவுக்குப் புதுப் பூச்சு. பழைய செயினை மாற்றுங்கள் என்று செவேரோ வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் செத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. செயின் போன்ற ஷெட் சாமான் உடைந்து செத்தான் என்றால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். குடித்துச் செத்தான் என்றால் ஒன்றுமில்லை. ஷெட்டுக்குப் பின்னால் நாசாரியாவும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிற அறையும் போய்விடும்.

இலாரியோன் ஒரு பிளக்கைக் கழற்றினான். பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது. ஒயரோடு சேர்த்து இரும்பில் வைத்து, ரெமிகியோவைச் சாவியைத் திருப்பச் சொன்னான். நீலமாகப் பொறி வந்தது. கரண்டும் வருகிறது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். காற்று விரலைத் தள்ளிவிட்டது. செவேரோவின் வேலையில் குறையில்லை.

"எல்லாம் இருக்கு, அப்புறம் ஏன் எடுக்கல?"

"பொறி வருது. வரவேண்டிய நேரத்துல வரல."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ரோட்டர் அதன் ஒயரைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்து இறுக்கினான். பெல்ட் குறிகளைச் சரிபார்த்தான். ரெமிகியோ சாவியைத் திருப்பினான். அதே இழுப்பு. கார்புரேட்டர் வழியாக ஒருமுறை தும்மியது. அவ்வளவுதான். இலாரியோன் மறுபடியும் மூடியைத் திறந்து, பிஸ்டனை அதே இடத்துக்குக் கொண்டுவந்தான். ரோட்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பவும் வைத்தான். திரும்பவும் விலகியது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது.

ரெமிகியோ இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

"மாஸ்டர், நேரா சொல்றேன். அந்த ஆளு விட மாட்டேங்கிறாரு. நீங்க வைக்கிறீங்க, அவரு திருப்புறாரு."

"அவருக்கு வேற வேலை இல்ல பாரு."

"சிரிக்காதீங்க. எங்க சங்கத்துல ஒருத்தன் சாவு விழுந்த வண்டிய வாங்கினான். விக்கிற வரைக்கும் பொண்டாட்டி அவன்கூடப் படுக்கல."

"அது வண்டியால இருக்காது. அவன் குளிக்கிறதில்ல."

வாசலில் சோளக் கஞ்சி விற்றுக்கொண்டிருந்த நாசாரியா இரண்டு டம்ளர்களோடு உள்ளே வந்தாள். சூடான ஊதா நிறக் கஞ்சி. கறுப்புச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துக் கட்டியிருந்தாள். ஆணியில் தொங்கிய செவேரோவின் தொப்பியைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள். தினமும் அப்படித்தான் வருவாள்.

"குடி. ஆறிடும்."

"வச்சிருங்க அண்ணி."

"அவரு வேலைல தப்பா?"

இலாரியோன் ஸ்பானரை எடுத்தான். டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாகக் கழற்றி வெளியே எடுத்தான். ஒரு கையால் அடித்தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரோட்டரைத் திருப்பினான். இரண்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். ரோட்டர் மட்டும் திரும்பியது. இரண்டையும் கோத்துப் பிடிக்கிற ஊசி உள்ளே அறுந்திருந்தது. துணியால் எண்ணெயைத் துடைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிக்கூட்டின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி நுனிவிரலில் தேய்த்தான். சிமென்ட்.

தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தான். பிறகு தரையிலிருந்த புதுப் பூச்சைப் பார்த்தான். அவன் பார்வை போன இடத்துக்கெல்லாம் நாசாரியாவின் பார்வையும் போனது.

"கீழ விழுந்துச்சா?" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"அவரு மேலயா?"

"அவரு மேல பட்டு, அப்புறம் தரையில."

ரெமிகியோ தன் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். நாசாரியா அழவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதன் போல்ட் தலையிலும் ரோஜாப் புள்ளி இருந்தது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை இதச் சொல்லுவியா?"

அவன் அறுந்த ஊசியைத் தட்டி வெளியே எடுத்தான். இரண்டு துண்டு. இரண்டையும் கோக்கா இலைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வண்டிய முதல்ல எடுக்கிறேன் அண்ணி."

சைக்கிள் சக்கரக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, அரத்தால் ராவி, ஊசியாக அடித்து ஏற்றினான். டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டினான். ரோட்டர் இந்த முறை வைத்த இடத்தில் நின்றது. ரெமிகியோ சாவியைத் திருப்பினான். ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பற்றிக்கொண்டது. முதலில் நீலப் புகை வந்தது. பிறகு சத்தம் சன்னமாகி ஒரே நிலையில் நின்றது. செவேரோ பூட்டிய இன்ஜின்கள் அப்படித்தான் ஓடும். மிச்சக் கஞ்சியோடு டம்ளரை அதன் மேல் வைத்தாலும் தளும்பாது.

சத்தம் கேட்டு முதலாளி அலுவலறையிலிருந்து வந்தார். ஒரு கையில் கரிச்சட்டி, மறு கையில் சாராய பாட்டில். இன்று முதல் வெள்ளி.

"பாத்தியா! நம்ம செவேரோ கை வச்சதுன்னா சும்மாவா. ஆத்மா சாந்தி அடையட்டும்." பானெட்டின் மேல் வண்ணக் காகிதத் துண்டுகளைத் தூவினார். நான்கு சக்கரத்திலும் சாராயம் தெளித்தார். "என்ன கோளாறுடா இருந்துச்சு?"

"டிஸ்ட்ரிபியூட்டர்ல ஊசி அறுந்திருந்துச்சு முதலாளி."

"புது ஊசியாச்சே. எப்படி அறுந்துச்சு?"

நாசாரியா வாசலுக்குப் போகாமல் கஞ்சிப் பானையோடு நின்றிருந்தாள். வெல்டிங் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் பூசைக்கு வந்து நின்றார்கள். இலாரியோன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"கீழ விழுந்தா அறுந்துரும்."

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கரிச்சட்டியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. ரெமிகியோவைப் பார்த்து, "ஓடுற வண்டிய ஏன் நிறுத்தி வச்சிருக்க? எடுத்துட்டுப் போ. சவாரி காத்துக்கிட்டிருக்கும். கூலிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

கூலி வாங்காமல் அவர் வண்டியை வெளியே விட்டதை அந்த ஷெட்டில் யாரும் பார்த்ததில்லை. ரெமிகியோ ஒரு கணம் இலாரியோனைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான். விரிசல் விட்ட கூடும் சிமென்ட்டும் ரோஜாப் புள்ளிகளுமாக டாக்சி கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது. வண்ணக் காகிதங்கள் அதன் பின்னால் பறந்தன.

முதலாளி பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றினார். சரியாகப் புதுப் பூச்சின் மேல் விழுந்தது. பிறகு கோப்பையை விளிம்புவரை நிரப்பினார். மற்றவர்களுக்கு எப்போதும் பாதிதான் ஊற்றுவார்.

"மத்தியானம் அந்த லாரி இன்ஜினத் தூக்கணும்டா இலாரியோன். நீதான் கீழ நின்னு பிடிக்கணும். இப்ப உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" கோப்பையை நீட்டினார். "ம், எடு. பூமித்தாய் பாத்துக்கிட்டிருக்கா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலாரியோன் வாங்கிக்கொண்டான். கோப்பை தளும்பி, விரல்களில் ஒட்டியிருந்த எண்ணெயின் மேல் சாராயம் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. அதன் வாசனை ஷெட் முழுக்க அடித்தது. அவன் தலைக்கு மேல், துருப்பிடிக்காத செயினின் நுனியில், கொக்கி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.