பெரியம்மா சௌக்கியமா?

கேமராவை விற்பதா வைத்துக்கொள்வதா என்று கேட்டால், கேமரா வைத்திருக்கும் எவனும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டான். விற்றுவிடு என்பவன், தன்னிடம் இருப்பது சின்ன கேமரா என்பதால் சொல்வான். விற்காதே என்பவன், நான் விற்றுவிட்டால் தான் மட்டும் முட்டாளாக நிற்க வேண்டுமே என்று சொல்வான். அதனால் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

துணியைப் படம் எடுப்பது என் தொழில். துணி ஆலைகள் கேட்டலாக் போடும்போது மாதிரித் துணிகளை என்னிடம் அனுப்புவார்கள். மேஜையில் விரித்து, சுருக்கம் நீக்கி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுப்பேன். மனிதர்களை எடுக்கும் வேலையை என்றைக்கோ விட்டாயிற்று. துணி சிரிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்காது. எடுத்து முடித்த பிறகு, என் மூக்கு இப்படியா இருக்கும் என்று சண்டைக்கும் வராது.

இந்த வேலைக்காக வாங்கியதுதான் அந்த மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா. சாதாரண கேமராவைவிட இதற்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சார் பெரியது. அது பெரிதானதால் உடம்பும் பெரிது, லென்ஸும் பெரிது, அதைத் தாங்கும் ஸ்டாண்டும் பெரிது. எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் நூல் மட்டுமல்ல, நூலிலிருந்து பிரிந்து நிற்கும் மயிரிழைகூடத் தெரியும். பெட்டியில் வந்த அன்று என் தம்பிதான் பிரித்தான். "எவ்வளவு பெரிய..." என்று ஆரம்பித்தவன், தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு "அம்மா" என்று முடித்தான். அன்றிலிருந்து அதன் பெயர் பெரியம்மா.

எங்களுக்கு நிஜத்தில் பெரியம்மா என்று யாரும் கிடையாது. எங்கள் அம்மாதான் அவள் வீட்டில் மூத்தவள், அப்பா ஒற்றைப் பிள்ளை. இருவரும் இப்போது இல்லை. அந்த உறவு காலியாகக் கிடந்தது, கேமரா வந்து உட்கார்ந்துகொண்டது.

தம்பி படிப்பை முடித்த கையோடு என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவன். பையைத் தூக்குவான், துணியை இழுத்துப் பிடிப்பான். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் நிதானமாகத்தான் மூடும். அதற்குள் மரத்தரை லேசாக அதிர்ந்தாலும் நூல் கலங்கிவிடும். அதனால் அவன் "மூச்சு" என்பான். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு சிலையாக நிற்போம். படம் விழுந்ததும் "விடு" என்பான். பேட்டரி தீர்ந்தால் பெரியம்மாவுக்குப் பசி. ஆன் செய்ததும் திரை வரத் தாமதமானால் பெரியம்மாவுக்குத் தூக்கக் கலக்கம். வேலை நடந்த நாளெல்லாம் எங்கள் பேச்சு இப்படித்தான் இருந்தது. வெளியாள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணின் ஊரிலேயே நல்ல வேலையும் கிடைத்தது. ரொம்ப தூரம். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட நான் போனது ஒரு பகல், திரும்பி வந்தது மறுநாள். அதற்குப் பிறகு குழந்தை, குழந்தைக்குச் சளி, அவனுக்கு லீவு இல்லை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. தம்பி மனைவி இன்றுவரை என் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

ஆனால் போன் செய்வது அவள்தான். கூடப்பிறந்த அக்காவுக்கு அவன் செய்யாததை அவள் செய்தாள். முதல் கேள்வியே "பெரியம்மா சௌக்கியமா அண்ணி?" என்றுதான் இருக்கும். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே இதனால்தான். அவன் எங்கள் வேடிக்கையை அவளிடம் சொல்லியிருக்கிறான், அவளும் முகம் கோணாமல் அதில் சேர்ந்துகொண்டாள் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

"இருக்கா. எழுப்பினா முழிக்கறதுக்குத்தான் நேரமாகுது" என்பேன்.

"பார்வை?"

"அதுல ஒரு குறையும் இல்ல. நூல் நூலா தெரியுது. சாயங்காலம் வெளிச்சம் போச்சுன்னாதான் தடுமாறுறா."

"வெளியூர் வேலைக்கும் கூடவே கூட்டிட்டுப் போறீங்களாமே?"

"பின்னே, வீட்ல தனியா விட்டுட்டா போறது? திருட்டு பயம் வேற."

"உங்க மனசு யாருக்கு வரும் அண்ணி" என்றாள். என்ன ஒரு நடிப்பு என்று நான் வியந்துபோனேன். குளிர் தொடங்கியபோது பெரியம்மாவுக்கு என்று ஒரு கம்பளிச் சால்வை பார்சலில் வந்தது. மெத்தென்று, சாம்பல் நிறத்தில். வாய்விட்டுச் சிரித்தேன். என் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. அன்று முதல் கேமராவை அந்தச் சால்வையில் சுற்றித்தான் பைக்குள் வைத்தேன்.

இப்போது அதை விற்கும் யோசனை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். என் தோள்பட்டை ஒத்துழைக்க மறுத்துவிட்டது. பையை மாட்டினால் கை மரத்துப்போகிறது. கேமராவைச் செய்த கம்பெனி அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. ஏதாவது உடைந்தால் செய்துகொடுக்க நாதியில்லை. ஆலை மேனேஜர் போன வாரம் படங்களைப் பார்த்துவிட்டு, "போன்லதான் மேடம் எல்லாரும் பாக்கறாங்க. நூல யாரு எண்ணப்போறா?" என்றார். அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது நிஜம்.

இதெல்லாம் நான் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. ஒரு மத்தியானம் துணியை விரித்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்று, "மூச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். படம் விழுந்தது. "விடு" என்று சொல்ல ஆள் இல்லை. நான் பாட்டுக்கு மூச்சை அடக்கியபடி நின்றுகொண்டிருந்தேன். அது இரண்டு பேர் வேலை செய்யும் கேமரா. அதை வைத்திருக்கும்வரை, இன்னொரு ஆள் எப்படியும் வந்துவிடுவான் என்று நான் காத்திருப்பேன். விற்றுவிட்டால், அவன் வரப்போவதில்லை என்று நானே என் வாயால் சொன்னதாகிவிடும். எனக்கு மனம் வராமல் இருந்தது அதற்குத்தான்.

பழைய கேமரா கடைக்காரர் நல்ல மனிதர். லென்ஸை வாங்கி, உள்ளே டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"பூஞ்சை இல்ல, கீறல் இல்ல. குழந்தை மாதிரி வச்சிருக்கீங்க. குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஒரு நிமிஷம்" என்று போனை எடுத்தேன். தம்பி, அவன் மனைவி, நான் மூவரும் இருக்கும் குழுவில் எழுதினேன்: பெரியம்மாவ இனிமே என்னால வச்சுக்க முடியாது. தூக்கவும் ஆளில்ல. இன்னிக்கே கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கேன். நல்ல எடம்தான். வேணாம்னா இப்பவே சொல்லு.

வேண்டாம் என்று அவன் சொல்ல வேண்டும் என்றுதான் அந்தக் கடைசி வரியை எழுதினேன். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வச்சிரு அக்கா, லீவு போட்டு வர்றேன், ஒரு துணியையாவது சேர்ந்து எடுக்கலாம் என்று ஏதாவது ஒன்று.

பதில் உடனே வந்தது. ஒரு கட்டைவிரல். மஞ்சள் நிறத்தில், மேல்நோக்கி. இத்தனை வருஷம் தோளில் சுமந்தவனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. "எடுத்துக்கோங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ரசீது எழுதப் பேனா தேடினார்.

போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, எங்க இருக்கீங்க? விட்டுட்டீங்களா?"

"இப்பதான். ஏம்மா?"

"வேணாம் அண்ணி. திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. அந்த மாதிரி எடத்துல எல்லாம் எப்படிப் பாத்துப்பாங்களோ. உங்களுக்கு முடியலன்னா நான் வச்சுக்கறேன். ஹால்ல ஒரு கட்டில் போட்டா ஆச்சு. இவரு என்னடான்னா கட்டைவிரல் காட்டிட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்காரு. வரட்டும், இன்னிக்கு இருக்கு இவருக்கு."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியம்மான்னா யாருன்னு நெனச்சே?" என்றேன்.

"யாருன்னா? உங்க பெரியம்மாதான். நடக்க முடியாதவங்க. கையெழுத்து போட வந்தப்ப நீங்க தனியா வந்திருந்தீங்க. அக்கா தனியாவா இருக்காங்க, அவங்களையும் நம்மகூடவே கூப்பிடலாமான்னு இவருகிட்ட கேட்டேன். அவளுக்கு என்ன, பெரியம்மா இருக்கான்னு சொன்னாரு."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடிந்தது. தப்பான எண்ணம் எதுவும் இருந்திருக்காது. சுலபமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

"அது கேமராம்மா" என்றேன். "பெரிய கேமரா. அதைத்தான் நாங்க அப்படிக் கூப்பிடுவோம்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப சால்வை?"

"கேமராவச் சுத்தி வச்சிருந்தேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரிக்கத் தயாரானேன். பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப வீட்ல உங்ககூட யாரு இருக்கா அண்ணி?"

கடைக்காரர் பேனாவை மூடி, வேறு பக்கம் பார்த்தார். காது கேட்காத மாதிரி இருப்பதும் ஒரு மரியாதைதான்.

"யாருமில்ல" என்றேன்.

அந்த வார்த்தையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குள்கூடச் சொன்னதில்லை. சொன்ன பிறகு கவுண்டரில் இருந்ததைப் பார்த்தேன். அது ஒரு கேமரா. கனமானது, மெதுவானது, கண் மட்டும் அபாரம். அதற்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை.

"நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கடைக்காரர் ரசீதை நீட்டினார். சால்வையைத் தொட்டு, "இதுவும் சேத்தா?" என்றார்.

"இல்ல. அது எனக்கு."

அதைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். தோளில் பை இல்லாததால் நடை கோணலாக இருந்தது. சுமை இருந்த பக்கத்துக்கு உடம்பு தானாகவே சாய்ந்து கொடுத்தது. வீட்டுக்கு வந்து, மேஜையில் விரித்து வைத்த துணியை மடித்தேன். பேசினால் எதிரொலி வரும் போலிருந்தது, அதனால் பேசவில்லை. அப்போது பயந்தே போனேன்.

மறுநாள் காலையில் போன் அடித்தது.

"பெரி..." என்று வழக்கப்படி ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நீங்க எப்படி இருக்கீங்க அண்ணி?" என்றாள்.

பெரியம்மாவைக் கேட்டால் சொல்ல என்னிடம் எத்தனையோ இருந்தது. கண், தூக்கம், வெளிச்சம், தடுமாற்றம் என்று வாய் ஓயாமல் சொல்வேன். இந்தக் கேள்விக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"இரும்மா, யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க, இருக்கேன்" என்றாள். போனை வைக்கவில்லை.